கூலர் மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை: காயில் போச்சு என்று முடிவு கட்டுவதற்கு முன்

பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்த கேள்வி இது. வீட்டில் நாலு வருடம் ஓடிய இரும்பு பாடி ஏர் கூலர். போன ஜூன் மாதம் மூடி வைத்ததை இந்த மார்ச்சில் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் பம்பு ஓடுகிறது. காற்று தள்ளுகிற மோட்டார் மட்டும் 'உம்ம்' என்று உறுமுகிறதே தவிரச் சுற்றவில்லை. கையால் ஒரு சுற்று விட்டால் ஓடுகிறது, நிறுத்திவிட்டுப் போட்டால் மறுபடியும் அதே கதை. கடையில் கேட்டதற்கு காயில் (மோட்டாருக்குள் சுற்றியிருக்கிற கம்பி) போய்விட்டது, புது மோட்டார் போடுங்கள், 2,200 ரூபாய் ஆகும் என்றிருக்கிறார்கள். அம்மாவுக்கு மூச்சிரைப்பு இருக்கிறது, வெயில் ஏறுவதற்குள் சரி செய்ய வேண்டும், அவ்வளவு செலவு செய்துதான் ஆக வேண்டுமா என்று கேட்கிறார்.

தம்பி, அவசரப்பட்டுப் புது மோட்டார் வாங்க வேண்டாம். காவேரிப்பட்டணத்தில் 22 வருடமாக மோட்டார் காயில் கட்டுகிற வேலைதான் எனக்கு. நீங்கள் சொல்கிற அறிகுறியை வைத்துப் பார்த்தால் காயில் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். காயில் வெந்த மோட்டார், கையால் சுற்றிவிட்டதும் எழுந்து ஒழுங்காக ஓடாது. முதலில் சந்தேகப்பட வேண்டியது கண்டன்சரை, மோட்டாரைக் கிளப்பிவிடுகிற சின்ன டப்பா அது. அதற்கு அடுத்து, சுற்றுகிற தண்டைத் தாங்குகிற புஷ்ஷை. ஏன் என்று புரிந்துகொண்டால் யாரும் உங்களை அவசரப்படுத்த முடியாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் வீட்டுக்கு வருவது சிங்கிள் ஃபேஸ் கரண்ட். ஒரே ஒரு காயிலுக்கு அந்தக் கரண்டைக் கொடுத்தால், உள்ளே உண்டாகும் காந்தப்புலம் முன்னும் பின்னும் துடிக்கும், சுற்றி வராது. ரோட்டருக்கு, அதாவது மோட்டாருக்குள் சுற்றுகிற பாகத்துக்கு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாது. அதனால் நின்ற இடத்திலேயே நின்று உறுமும். நீங்கள் கேட்கிற அந்த 'உம்ம்' இதுதான். இதற்காகத்தான் மோட்டாருக்குள் இரண்டு காயில் கட்டுகிறோம், ரன்னிங் ஒன்று, ஸ்டார்ட்டிங் ஒன்று. ஸ்டார்ட்டிங் காயிலோடு வரிசையில் கண்டன்சரைப் போட்டால், அதில் ஓடும் கரண்ட் ரன்னிங் காயிலின் கரண்டுக்கு முந்திப் போகும். ஒன்று முந்தி, ஒன்று பிந்தி என்று இரண்டும் இழுக்கும்போதுதான் காந்தப்புலம் வட்டமாகச் சுழலும், ரோட்டரும் அதன் பின்னால் கிளம்பும். ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிற குழந்தையை யாராவது முதல் தள்ளு தள்ளிவிட வேண்டும் இல்லையா, அந்த வேலையைச் செய்வது கண்டன்சர். உங்கள் வீட்டில் இப்போது அந்த வேலையை உங்கள் கை செய்கிறது.

இந்த இடத்தில் ஒரு சோதனை சொல்கிறேன். மீட்டர் தேவையில்லை. ஆனால் கரண்ட் இருக்கும்போது இறக்கைப் பக்கம் கையோ குச்சியோ கொண்டுபோகவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இறக்கையைக் கையால் வேகமாகச் சுற்றிவிடுங்கள். கையை எடுத்து, விலகி நின்று, அது சுற்றிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போடட்டும். ஓடினால், நிறுத்தி, அடுத்த தடவை எதிர்ப்பக்கமாகச் சுற்றிவிட்டுப் போடுங்கள். எந்தப் பக்கம் சுற்றிவிட்டாலும் அந்தப் பக்கமே ஓடுகிறது என்றால், ஸ்டார்ட்டிங் வழி முழுக்கச் செத்திருக்கிறது. கண்டன்சர் போயிருக்கும், அல்லது அதன் வயர் கழன்றிருக்கும், அல்லது ஸ்டார்ட்டிங் காயில் அறுந்திருக்கும். எதிர்ப்பக்கம் சுற்றிவிட்டும் வேகம் குறைந்து, நின்று, தன் சரியான பக்கத்துக்கே திரும்புகிறது என்றால் கண்டன்சரில் கொஞ்சம் உயிர் மிச்சம் இருக்கிறது, பலம் மட்டும் குறைந்திருக்கிறது.

கண்டன்சரைக் கழற்றுவதற்கு முன் அதில் தேங்கியிருக்கும் கரண்டை இறக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கினாலும் சில சமயம் கண்டன்சருக்குள் சார்ஜ் நிற்கும், நன்றாகவே உதறும். பழைய குண்டு பல்பு மாட்டிய ஹோல்டரின் இரண்டு வயரையும் கண்டன்சரின் இரண்டு முனையிலும் சில நொடி வைத்தால் இறங்கிவிடும். ஸ்க்ரூ டிரைவரால் நேராக ஷார்ட் செய்து பொறி பறக்கவிடுகிற பழக்கம் எங்கள் தொழிலில் நிறையப் பேருக்கு உண்டு. அதில் கண்டன்சரும் கெடும், கண்ணுக்கும் நல்லதில்லை.

கூலர் மோட்டார்களில் பெரும்பாலும் 4 மைக்ரோஃபாரட் கண்டன்சர் இருக்கும், சிலதில் 6 வரும். மேலேயே அச்சிட்டிருக்கும். மல்டி மீட்டரில் கண்டன்சர் பார்க்கிற வசதி இருந்தால் வைத்துப் பாருங்கள். புதுசு என்றால் எழுதியிருப்பதிலிருந்து ஐந்து சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம், அதாவது 4 என்றால் 3.8 முதல் 4.2 வரை. 3.5-க்குக் கீழே காட்டினால் நான் யோசிக்காமல் மாற்றிவிடுவேன். உள்ளே இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிமும் அதன் மேல் பூசிய உலோகமும். எங்காவது ஒரு புள்ளியில் ஷார்ட் ஆனால் அந்த இடத்து உலோகம் மட்டும் ஆவியாகி, மற்ற இடம் தொடர்ந்து வேலை செய்யும். இப்படிப் புள்ளி புள்ளியாக இழந்து, வருடக் கணக்கில் சூட்டிலும் ஈரத்திலும் கிடந்து, ஒரு நாள் மோட்டாரைக் கிளப்பப் பலம் போதாமல் போகும். பார்ப்பதற்குப் புதுசு மாதிரியே இருக்கும், உப்பியிருக்காது. அதனால் கண்ணால் பார்த்து 'நன்றாகத்தான் இருக்கிறது' என்று சொல்ல முடியாது. மீட்டர் இல்லையென்றால் அதே அளவில் புதுசு ஒன்று வாங்கி மாட்டிப் பாருங்கள். நூறு ரூபாய்க்குள் முடிகிற விஷயம்.

அதே அளவு என்று சொன்னதை அழுத்திச் சொல்கிறேன். 4 இருந்த இடத்தில் 6 போட்டால் வேகம் கூடும் என்று சிலர் போட்டுவிடுவார்கள். ஸ்டார்ட்டிங் காயிலில் அளவுக்கு மேல் கரண்ட் ஏறி, மெல்லச் சூடாகி, நாளடைவில் காயில் வெந்துவிடலாம். வோல்ட்டும் 440 என்று போட்டதையே கேட்டு வாங்குங்கள். 'நம் வீட்டில் 230 வோல்ட்தானே, 250 போதும்' என்று தோன்றும். ஆனால் ஓடுகிற மோட்டாரில் கண்டன்சரின் இரண்டு முனைகளுக்கு நடுவே, லைனில் வருவதை விட அதிக வோல்ட் நிற்கும்.

சரி, புதுக் கண்டன்சர் போட்டும் உறுமுகிறது என்றால் அடுத்தது புஷ். நம் பகுதிக்கு இது முக்கியமான விஷயம். தர்மபுரி, கிருஷ்ணகிரி போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஃபுளோரைடும் உப்பும் கலந்த பாறைத் தண்ணீர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல் வந்த பிறகு குடிக்கிற தண்ணீர் மாறியது. கூலர் தொட்டியில் ஊற்றுவது இன்னும் போர் தண்ணீர்தான். அது ஆவியாகப் போனாலும் உப்பு போகாது. தண்ணீரில் நனைகிற பக்கவாட்டுப் பேடில் வெள்ளையாகப் படியும், காற்றோடு திவலையாகப் பறந்து மோட்டார் சாஃப்டில், அதாவது இறக்கை மாட்டியிருக்கிற தண்டில், உட்காரும். ஓடுகிற வரை தெரியாது. ஜூனில் மூடி வைத்து ஒன்பது மாதம் அசையாமல் கிடக்கும்போது சாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் அந்த உப்பும் துருவும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். மார்ச், ஏப்ரலில் என் கடைக்கு வருகிற கூலர் மோட்டார்களில் நிறைய இந்த ரகம்தான்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு இறக்கையை ஒரு விரலால் தட்டிப் பாருங்கள். நாலைந்து சுற்றாவது தானாகச் சுற்றி மெதுவாக நிற்க வேண்டும். தட்டிய இடத்திலேயே நின்றால் பிடிப்பு இருக்கிறது. தையல் மெஷின் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு, சாஃப்ட் புஷ்ஷுக்குள் நுழைகிற இடத்தில், இரண்டு பக்கமும் விட்டு, கையால் நன்றாகச் சுற்றிச் சுற்றி, அரை மணி நேரம் ஊறவிடுங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். வீட்டில் கைக்கு எட்டுவது அதுதான் என்பதால் எல்லோரும் அதைத்தான் விடுகிறார்கள். மார்கழியில் ஓசூர்ப் பக்கம் பாட்டிலில் உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், மோட்டாருக்குள்ளும் அதே கதிதான், நாளாக நாளாகப் பிசினாகிவிடும். புஷ்ஷுக்குப் பதில் பேரிங் போட்ட மோட்டார் என்றால் எண்ணெய் விட்டுப் பயனில்லை. கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங்கையே மாற்ற வேண்டியதுதான்.

இதில் ஒரு ஏமாற்று வித்தை உண்டு. கையால் சுற்றினால் வெண்ணெய் மாதிரி சுற்றும், கரண்ட் கொடுத்த உடனே கப்பென்று பிடித்துக்கொள்ளும். புதுக் கண்டன்சரும் உதவாது. இதைப் பார்த்துத்தான் பலர் காயில் என்று முடிவு கட்டுகிறார்கள். சாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது. ரோட்டருக்கும், அதைச் சுற்றிக் காயில் கட்டியிருக்கிற அசையாத பாகமான ஸ்டேட்டருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி மிகக் குறைவு. புஷ் தேய்ந்தால் ரோட்டர் ஒரு பக்கமாகத் தொங்கும். கரண்ட் வந்ததும் காந்தம் அந்தப் பக்கமாகவே இழுத்து ஒட்ட வைத்துவிடும். புஷ் மாற்றினால் சரியாகிவிடும், காயிலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

சாயங்காலம் மட்டும் கிளம்ப மறுக்கிறது, காலையில் நன்றாக ஓடுகிறது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அது பெரும்பாலும் மோட்டாரின் குறை இல்லை, லைனில் வோல்டேஜ் இறங்குகிறது. மோட்டாரின் இழுவை வோல்டேஜின் இருமடிக்கு ஏற்றபடி குறையும். 230 வர வேண்டிய இடத்தில் 170 வந்தால், கிட்டத்தட்ட முக்கால்வாசி வோல்ட் வருகிறது, ஆனால் இழுவை பாதிக்குச் சற்று மேல்தான் இருக்கும். அந்த நேரத்தில் குறைந்த வேகத்தில் வைத்துப் போட்டால் உறுமிக்கொண்டே நிற்கும். இதனால்தான் எல்லோருக்கும் சொல்வேன், கூலரை எப்போதும் அதிக வேகத்தில் வைத்துக் கிளப்புங்கள், ஓடத் தொடங்கியதும் குறைத்துக்கொள்ளுங்கள். எப்படியானாலும், உறுமிக்கொண்டு நிற்கிற மோட்டாரை அரை நிமிடத்துக்கு மேல் விட்டு வைக்காதீர்கள். சுற்றாத மோட்டார் ஓடுகிற மோட்டாரை விட அதிகக் கரண்ட் இழுக்கும், குளிர்விக்கக் காற்றும் இருக்காது. நல்ல காயில் நிஜமாகவே வேகிறது என்றால் அது இந்த நிலையில்தான். காலையில் போட்டு, 'கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிடும்' என்று சமையலுக்குப் போய்விடுகிறார்கள். திரும்பி வரும்போது வார்னிஷ் கருகின வாசனை வீடு முழுக்க இருக்கும்.

உங்களுக்கு இல்லாவிட்டாலும், உறுமல் கூட இல்லாமல் ஊமையாக நிற்கிற மோட்டாருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன். உறுமல் இல்லை என்றால் காயிலில் கரண்டே ஓடவில்லை. பம்பு ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் பிளக், அதிலிருந்து வருகிற வயர் எல்லாம் சரி, கோளாறு வேக சுவிட்சிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. மூன்று வேகத்திலும் வைத்துப் பாருங்கள். ஒன்றில் மட்டும் ஓடினால் சுவிட்சின் முனைகள் கருகியிருக்கலாம். அந்த சுவிட்சு விலை குறைந்ததுதான். அப்புறம் எலி. போன வருடம் காரிமங்கலத்திலிருந்து ஒரு அம்மா மோட்டாரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்தார். வேறொரு இடத்தில் காயில் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். ஒரு வாரக் கூலி அவருக்கு அது. பார்த்தால் மோட்டாரிலிருந்து வருகிற வயரை எலி கடித்து, ரப்பருக்குள் தாமிரம் அறுந்திருந்தது. அதை இணைத்து டேப் சுற்றி ஓட்டிக் காட்டினேன். அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் வயரைத் தொட்டுப் பார்க்காமல் காயிலைப் பற்றிப் பேசுவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

வயரும் சுவிட்சும் சரியாக இருந்தும் ஊமை என்றால், பல மோட்டார்களில் காயிலோடு சேர்த்துக் கட்டியிருக்கிற சின்ன தெர்மல் ஃபியூஸ் போயிருக்கும். சூடு எல்லை மீறினால் அது தன்னை அறுத்துக்கொண்டு மோட்டாரைக் காப்பாற்றும். அதைத் தூக்கிவிட்டு வெறும் வயரால் இணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இரவு முழுக்க ஓடுகிற பொருள், பக்கத்தில் வயதான அம்மா படுத்திருக்கிறார். அதே சூட்டு அளவில் புது ஃபியூஸ் போடச் சொல்லுங்கள், எதனால் சூடேறியது என்றும் கேளுங்கள்.

காயிலைச் சோதிப்பது கடைசியில்தான். கண்டன்சரைக் கழற்றிவிட்டு, அதிக வேக லைன், ரன்னிங், ஸ்டார்ட்டிங் என்று மூன்று முனைகளுக்கு நடுவே மல்டி மீட்டரில் ஓம், அதாவது கம்பியின் தடையை, பார்க்க வேண்டும். இரண்டு சிறிய அளவுகளைக் கூட்டினால் மூன்றாவது பெரிய அளவு வர வேண்டும். வந்தால் எங்கும் அறுபடவில்லை. எதிலாவது ஒன்றும் காட்டவில்லை என்றால் அறுந்திருக்கிறது. வயர் நிறத்தை நம்ப வேண்டாம், ஒவ்வொரு தயாரிப்பிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். பிறகு காயிலுக்கும் பாடிக்கும் நடுவில் மெக்கர் (கரண்ட் கசிகிறதா என்று பார்க்கிற மீட்டர்) வைத்து 500 வோல்டில் பார்க்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் அந்த மோட்டாரை வீட்டில் ஓட்டக் கூடாது. இவ்வளவும் பார்த்த பிறகு 'காயில் போச்சு' என்று சொன்னால் அது நேர்மையான பேச்சு. நீங்கள் கேட்டால் எந்த மெக்கானிக்கும் உங்கள் கண் முன்னாலேயே காட்டலாம், பத்து நிமிடம் கூட ஆகாது.

நிஜமாகவே வெந்திருந்தால் உள்ளே தாமிரமா அலுமினியமா என்று கேளுங்கள். தாமிரம் என்றால் திரும்பக் கட்டுவது மதிப்பு. அலுமினியம் கட்டிய மோட்டாருக்கு அந்தச் செலவு செய்வதை விடப் புதுசு வாங்குவேன். புதுசு வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டு போங்கள். சாஃப்டின் கனம், நீளம், சுற்றுகிற திசை, வேகம் நான்கும் ஒத்துப்போக வேண்டும். 1,400 சுற்று மோட்டாருக்குப் பதில் 900 சுற்று மாட்டினால் காற்று வராது, 900-க்குப் பதில் 1,400 மாட்டினால் இறக்கையின் பாரம் தாங்காமல் மோட்டார் மறுபடி வேகும்.

என் அக்கா மகன் கனடாவில் இருக்கிறான். போன ஜனவரியில் ராத்திரி போன் செய்து, 'மாமா, வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸில் நெருப்பு வருது, ப்ளோயர் சுத்தலை, உம்முனு சத்தம் வருது' என்றான். வெளியே பனி, உள்ளே கைக்குழந்தை. நான் ஃபர்னஸை நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவன் அனுப்பிய படத்தில் மோட்டாரும் பக்கத்தில் கண்டன்சரும் இருந்தன. அங்கே 115 வோல்ட், 60 சைக்கிள், மற்றபடி நம் கூலர் மோட்டாரின் அண்ணன்தான் அது. அந்த மெஷினில் முதலில் கேஸ் எரிந்து, உள்ளே சூடு ஏறிய பிறகு அரை நிமிடம், ஒரு நிமிடம் கழித்துத்தான் ப்ளோயர் கிளம்பும். அது கிளம்பாவிட்டால் சூடு எல்லை மீறி, லிமிட் சுவிட்ச் கேஸை அணைத்துவிடும். கதவு மூடினால்தான் அமுங்குகிற ஒரு சுவிட்சும் உண்டு, கதவு சரியாக உட்காராவிட்டால் மொத்தமும் ஊமையாகிவிடும். கேஸ் பக்கம் நீ தொடவே கூடாது, மெக்கானிக் வரும்போது முதலில் கண்டன்சரைப் பார்க்கச் சொல் என்றேன். கண்டன்சர்தான். புதுவகை ஃபர்னஸ்களில் எலக்ட்ரானிக் மோட்டார் வருகிறது, அதற்கு இந்த வைத்தியம் எதுவும் பொருந்தாது.

கடைசியாக, எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை தருகிற விஷயம். உங்களுடையது இரும்பு பாடி. தண்ணீர், அதுவும் உப்புத் தண்ணீர். பழைய வீடுகளில் பிளக்கில் மூன்று முள் இருக்கும், சுவரில் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் எர்த் வயரே இருக்காது. காயிலிலோ வயரிலோ சின்னக் கசிவு வந்தால் பாடி முழுக்கக் கரண்ட் நிற்கும், ஈரத் தரையில் வெறுங்காலோடு தண்ணீர் ஊற்றப் போகிறவர்தான் மாட்டுவார். அது பெரும்பாலும் வீட்டில் இருக்கிற பெண்கள். மோட்டாரை ஓட்டிவிட்ட அன்றே ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பாயிண்டில் எர்த் நிஜமாகவே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் 30 மில்லி ஆம்பியர் கசிவில் விழுகிற ஆர்சிசிபி ஒன்று போட்டுவிடுங்கள். பாடியைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்றால் கூட அன்றைக்கு கூலர் ஓடக் கூடாது. தண்ணீர் ஊற்றும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.

நாளைக்குக் காலையில் பழைய கண்டன்சரைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே கேளுங்கள். மாட்டிவிட்டு, அதிக வேகத்தில் போட்டு, கையால் தொடாமல் கிளம்புகிறதா என்று பார்த்து எழுதுங்கள். கிளம்பவில்லை என்றால் சாஃப்டை ஆட்டிப் பார்த்தீர்களா, ஆடுகிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.